கதவுக்கு நான் எழுதிய முப்பது விநாடி

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கட்டடத்துக்கு மூளை வைத்தவன் நான். இப்படிச் சொல்லிக்கொண்டு ஒரு காலத்தில் திரிந்தேன். டீக்கடையில் சொன்னேன், ரயிலில் சொன்னேன், பெண் பார்க்கப் போன வீட்டில்கூடச் சொன்னேன். அந்தப் பெண்ணின் அப்பா நிதானமாக, "கட்டடத்துக்கு எதுக்குங்க மூளை?" என்று கேட்டார். மனதுக்குள் அவரை நான் திட்டிய வார்த்தையை இங்கே எழுத முடியாது. இப்போது யோசித்தால் அவர் கேட்டது நல்ல கேள்விதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு, மொத்தமே நாலு பேர் இருந்த ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தேன். எங்களிடம் யார் எதைக் கேட்டாலும் முதலில் "செய்யலாம் சார்" என்போம். எப்படிச் செய்வது என்று பிறகு படித்துக்கொள்வோம். எஸ்டேட்டில் ஏற்றுமதிச் சட்டை தைக்கும் ஒரு நிறுவனம் மூன்று மாடியில் புதுக் கட்டடம் கட்டியது. அதன் முதலாளி வெளிநாடு போய் வந்தவர். அங்கே ஒரு கட்டடத்தில் கதவு, காற்று, விளக்கு எல்லாம் தானாகவே பார்த்துக்கொள்கிறதாம். தனக்கும் அப்படி வேண்டும் என்றார். செய்யலாம் சார் என்றோம்.

செய்தும் காட்டினோம், அதை மறைக்க வேண்டியதில்லை. தையல் மாடியில் பஞ்சுத் தூசியும் வெக்கையும் ஏறினால், காற்றை இழுத்து வெளியே தள்ளும் பெரிய மின்விசிறிகள் தானாக ஓடத் தொடங்கும். எங்காவது புகை வந்தால் கீழே ஒரு பெட்டியில் அந்த இடத்துக்கான விளக்கு எரிந்து மணி அடிக்கும். முக்கியமான அறைகளின் கதவு கார்டு காட்டினால்தான் திறக்கும். இதையெல்லாம் நடத்தும் புரோகிராமை நான்தான் எழுதினேன். தையல் பெண்கள் இருமல் குறைந்துவிட்டது என்று சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தத் தலைக்கனத்தோடுதான் என் தங்கையை அங்கே வேலைக்குச் சேர்த்தேன். அவளுக்கு ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆசை. "அதெல்லாம் வேகாத வெயில்ல கத்துற வேலை. இங்க ஏசி ரூம். எஸ்டேட்டுலயே பத்திரமான கட்டடம் அதுதான், நானே பண்ணது" என்று சொல்லிச் சொல்லி அவள் மனதை மாற்றினேன். கம்ப்யூட்டர் அறையில் டேட்டா என்ட்ரி வேலை. செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு, கோயிலுக்குள் போகிற மாதிரிப் போக வேண்டும்.

அந்த அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தூசி வரக் கூடாது என்று ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். ஒரே ஒரு இரும்புக் கதவு. உள்ளே தீப்பிடித்தால் தண்ணீர் அடிக்க முடியாது, இயந்திரங்கள் போய்விடும். அதனால் கரியமில வாயு. வெளியே ஒரு கம்பிக் கூண்டுக்குள் சிலிண்டர்கள் வரிசையாக நிற்கும். அவை வேறு ஒரு கம்பெனியின் சொத்து, கூண்டுச் சாவியும் அவர்களிடம். உள்ளே புகை தெரிந்தால் மணி அடிக்கும். முப்பது விநாடி கழித்து வாயு குழாய் வழியாகப் பாய்ந்து அறையை நிரப்பித் தீயை அணைக்கும். அதற்குள் மனிதர்கள் வெளியே வந்துவிட வேண்டும். வராவிட்டால் தீயோடு சேர்ந்து அவர்களும் அணைந்துபோவார்கள்.

யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால்? அதற்கும் வழி வைத்திருந்தேன். கதவுக்குப் பக்கத்தில், உட்பக்கச் சுவரில் ஒரு பொத்தான். அதை அழுத்திப் பிடித்திருக்கும் வரை வாயு வராது, எண்ணிக்கை நின்றுவிடும். கையை எடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். தீக்குச்சியைச் செருகிப் பொத்தானை நிரந்தரமாக அழுத்தி வைத்துவிடுவார்கள் என்று பயந்து, ஒரு கட்டைவிரல் மட்டும் நுழையும் குழிக்குள் அதை வைத்தேன். எவ்வளவு கெட்டிக்காரன் பாருங்கள்.

கதவுக்கும் முப்பது விநாடி எழுதினேன். அதற்குள் எல்லாரும் வந்துவிடுவார்கள், பிறகு கதவு பூட்டிக்கொண்டால்தான் வாயு வெளியே போகாமல் நிற்கும். களேபரத்தில் யாராவது உள்ளே புகுந்து எதையாவது எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்பது முதலாளியின் கவலை. மின்சாரம் போனாலும் பூட்டு பூட்டாகவே இருக்க வேண்டும் என்றார். வெளியிலிருந்து பூட்டி, உள்ளிருந்து மட்டும் திறக்கும்படி செய்ய இன்னொரு ரிலே சுவிட்ச் தேவைப்பட்டது. ஒன்றிலேயே முடிக்கலாமே என்று முடித்துவிட்டேன். வேலியே பயிரை மேயும் என்பார்கள். அந்த வேலியை நட்டவன் நான்.

இதில் ஒரு ஓட்டை இருந்தது. பொத்தானை அழுத்தினால் வாயுவின் எண்ணிக்கை நிற்கும். கதவின் எண்ணிக்கை நிற்காது. அதாவது, பொத்தானைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் உயிரோடு இருப்பார், ஆனால் உள்ளே பூட்டப்பட்டிருப்பார். இதை நான் யோசிக்கவே இல்லை. சோதித்துப் பார்க்கவும் இல்லை.

அப்படிப் பூட்டிய கதவு கார்டுக்கும் திறக்காது. அதைத் திறந்து எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவர, அறை வாசலில் இருந்த பெட்டியில் ஒரு சாவி போட்டுத் திருப்ப வேண்டும், பெட்டியை அணைக்கவும் அதே சாவிதான். இரண்டு சாவி இருந்தது. ஒன்றை வாட்ச்மேன் வைத்திருந்தார். கொசுவர்த்திப் புகைக்கும் கரப்பான்பூச்சிக்கும் மணி அடிக்கிறது என்று அவர் பெட்டியையே அணைத்துவிட்டுத் தூங்குவார். ஒருநாள் அந்தச் சாவியையும் தொலைத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் மிச்சமிருந்த சாவியை என் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இனி எவனும் என் பெட்டியை அணைக்க முடியாது என்ற திருப்தி.

எங்கள் வீடு ஆவடியில், ஃபேக்டரி குவார்ட்டர்ஸில். அப்பா அங்கே கடைசல் வேலை பார்க்கும் டர்னர், ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஆயுத பூஜைக்கு முந்தின நாளே வீட்டில் இருக்கும் கருவிகளெல்லாம் சாமி படத்துக்கு முன்னால் போய்விடும். அப்பாவின் ஸ்பேனர், அம்மாவின் அரிவாள்மனை, தங்கையின் டைப்ரைட்டிங் சர்டிபிகேட், என் பை. சந்தனம், குங்குமம், மேலே துளசி. அப்படி வைத்ததை, பூஜைக்கு மறுநாள் விஜயதசமி வரை தொடக் கூடாது. தொட்டால் அந்த வருஷம் முழுக்கத் தொழிலில் தடங்கல்.

அந்த வருஷம் பூஜை நாள் காலையில் தங்கை புதுச் சேலை கட்டிக்கொண்டு கிளம்பினாள். பூஜை முடிந்ததும் பொரியும் ஸ்வீட்டும் வாங்கிக்கொண்டு மத்தியானம் வந்துவிடுவாள். பூ வைத்துக்கொண்டே சொன்னாள்.

"இன்னிக்கு எங்க ரூம்லயும் பூஜையாம்ணே. புதுசா வந்த ஆபீசர் சொல்லிட்டார்."

"புகை கிகை போடக் கூடாது. பூ மட்டும் போடச் சொல்லு."

"நான் சொன்னா கேப்பாங்களா? நீயும் வந்து அந்தப் பெட்டியை ஆஃப் பண்ணிட்டுப் போயிடேன்."

"லீவு நாள்லயுமா? நான் சொன்னேன்னு சொல்லு, போதும்."

அவள் போய்விட்டாள். எனக்கு மனசு கொஞ்சம் உறுத்தியது. சாமி முன்னால் போய் நின்று பையைப் பார்த்தேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏலே, சாமிக்கு வச்சத எடுக்கப்படாதுலே. நாளைக்கு எடு" என்றாள். அம்மா தடுத்தாள் என்று பிற்பாடு பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அம்மா சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். எனக்கு அது வசதியாக இருந்தது. சுண்டலும் வடையும் தின்றுவிட்டுப் பாயில் சாய்ந்தேன்.

அங்கே நடந்தது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். தங்கை ஆபீசரிடம் சொல்லியிருக்கிறாள். அவர், "கம்ப்யூட்டர் மட்டும் என்ன பாவம் பண்ணிச்சும்மா? சின்னதா ஒரு கற்பூரம்" என்று சிரித்திருக்கிறார். சின்னக் கற்பூரத்தோடு நிற்கவில்லை. மாடி மாடியாகச் சாம்பிராணிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த ஆள் அந்த அறைக்குள்ளும் நுழைந்து, மூலைக்கு மூலை காட்டிவிட்டுப் போனார். போகும்போது குளிர் வெளியே போகக் கூடாது என்று கதவை ஒழுங்காகச் சாத்திவிட்டும் போனார். உள்ளே நாலு பேர். ஆபீசர், என் தங்கை, இன்னும் இரண்டு பெண்கள்.

மணி அடித்தது. யாரும் அசையவில்லை. ஏன் அசைவார்கள்? எஸ்டேட்டில் கற்பூரம் காட்டும் நேரத்தில் கம்பெனிச் சங்கை ஊதுவார்கள். வாசலில் மாலை போட்டு நிற்கும் லாரிக்காரர்கள் ஹாரனை அமுக்கிப் பிடிப்பார்கள். எது அடிக்குமோ அதையெல்லாம் அடிப்பதுதான் அங்கே பூஜை. என் மணியும் அதில் ஒன்று என்று எண்ணிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்கள். நானும் சின்ன வயதிலிருந்தே பார்த்த வழக்கம்தான் இது. கதவுக்கு முப்பது விநாடி எழுதியபோது என் நினைவுக்கு வரவில்லை.

தங்கை கண்ணைத் திறந்தபோது கதவுக்கு மேல் வாயுவின் எண்ணிக்கையைக் காட்டும் சிவப்பு எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. ஓடிப்போய்க் கட்டைவிரலைக் குழிக்குள் அழுத்தினாள். எண் இரண்டில் நின்றது. "ஓடுங்க" என்று கத்தினாள். மற்றவர்களுக்கு விஷயம் புரிந்து கதவை இழுப்பதற்குள் கதவு பூட்டிக்கொண்டது.

மிச்சம் இரண்டு விநாடி. ஆள் மாற்றி அழுத்தலாம் என்று ஒரு பெண் கை நீட்டியிருக்கிறாள். குழிக்குள் ஒரு விரல்தான் நுழையும். மாற்றும் நேரத்தில் இரண்டு விநாடி ஓடிவிட்டால் நாலு பேரும் போச்சு. தங்கை மறுத்துவிட்டாள். உள்ளே இருந்த எக்ஸ்டென்ஷன் போனில் ஆபீசர் வாசலுக்குப் பேசினார். கடப்பாரையோடு வந்து கதவில் ஒரு போடு போட்டார்கள். சுவர் அதிர்ந்தது, தங்கையின் விரல் நழுவப் பார்த்தது, எல்லாரும் அலறினார்கள். அதோடு கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார்கள். சாவி எங்கே இருக்கிறது என்று தங்கைதான் சொல்லியிருக்கிறாள்.

பாயில் கண்ணயர்ந்திருந்தவனை வாசலில் மொபெட் சத்தம் எழுப்பியது. கம்பெனி டெம்போ ஓட்டும் கரையான்சாவடிக்காரர். இறங்கக்கூட இல்லை.

"அண்ணாத்தே, நீதான அந்த மணி மாட்டுன ஆளு? உன் தங்கச்சி கம்ப்யூட்டர் ரூம்ல மாட்டிக்கினு கீது. இன்னாவோ பட்டன அமுக்கிக்கினே நிக்குதாம், கைய எட்த்தா கேஸ் வந்துருமாம். சாவி உன் ஊட்ல கீதுன்னு சொல்லிச்சு. சீக்கிரம் வா நைனா."

எனக்கு உடனே எல்லாம் புரிந்துவிட்டது. அதுதான் கொடுமை. மற்றவர்களுக்குக் கதவு ஏதோ மக்கர் செய்கிறது என்றுதான் தெரியும். அந்தப் புரோகிராமின் ஒவ்வொரு வரியும் எனக்குத் தெரியும். கதவு எங்கே பூட்டும், விரல் எடுத்தால் என்ன ஓடும் என்று அந்த வாசற்படியில் நின்ற நிலையில் எனக்குத் தெரிந்தது. உள்ளே ஓடினேன். பையைத் திறந்து சாவியை உருவினேன். விளக்கு சாய்ந்தது, பொரி கொட்டியது. அம்மா "ஏலே, ஏலே" என்று பின்னாலேயே வந்தாள். திரும்பிப் பார்க்காமல் மொபெட்டில் ஏறினேன்.

ஆவடியிலிருந்து எஸ்டேட் வரை அந்த மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து போனேன். திருமுல்லைவாயில் தாண்டும் வரை சாலை காலியாகத்தான் இருந்தது. அம்பத்தூர் ஓ.டி. கடைத்தெரு நெருங்கியதும் கடைக்குக் கடை பூசணிக்காய் உடைத்திருந்தார்கள். சாலை முழுக்கச் சதையும் குங்குமமும். "போங்க, போங்க" என்று அவர் தோளைக் குத்திக்கொண்டே வந்தேன். ஒரு லாரி பட்டறை முன்னால் வண்டி வழுக்கி இரண்டு பேரும் விழுந்தோம். கையில் இருந்த சாவி எங்கோ போனது. பூசணிச் சதைக்குள் மண்டியிட்டு இரண்டு கையாலும் துழாவினேன். வாய்விட்டு அழுதேன். சாமியைக் கூப்பிட்டேன், சாமியைத் திட்டவும் செய்தேன். பட்டறைக்காரர்கள் பூஜையை விட்டுவிட்டு வந்து என்னோடு சேர்ந்து தேடினார்கள். ஒருவர்கூட எதற்கு என்று கேட்கவில்லை.

"தோ கீது பாரு" என்று டெம்போக்காரர் நீட்டினார். அவர் முழங்கையில் ரத்தம் ஓடியது. அவர் அதைப் பார்க்கவே இல்லை.

கம்பெனி வாசலில் அத்தனை பேரும் புதுத்துணியில் நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்து வழி விட்டார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. கம்ப்யூட்டர் அறை வாசலில் நாலு ஜோடி செருப்பு கிடந்தது. பெட்டியில் சிவப்பு எண், இரண்டு. சாவியைத் துவாரத்தில் வைத்த பிறகு என் கை நின்றுவிட்டது.

பொத்தான் அழுத்தியிருக்கும்போது சாவியைத் திருப்பினால் என்ன ஆகும்? எனக்குத் தெரியவில்லை. எல்லாம் தெரிந்தவனுக்கு அந்த ஒன்று தெரியவில்லை, அதை நான் சோதித்ததே இல்லை. பெட்டியைத் திறந்து சிலிண்டருக்குப் போகும் கம்பியைக் கழற்றிவிட்டால் பயமில்லை. அதற்கு ஸ்குரூடிரைவர் வேண்டும். என்னுடையது ஆவடியில், துளசிக்குக் கீழே. "ஸ்குரூடிரைவர்" என்று கத்தினேன். யாரோ மாடிக்கு ஓடினார். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், "அவளால முடியல சார், கை ஆடுது சார்" என்று அழுதது. என் தங்கையின் குரல் கேட்கவில்லை.

காத்திருக்கவில்லை. திருப்பினேன்.

பூட்டு விலகும் சத்தம் கேட்டது. கதவை இழுத்துத் திறந்து உடம்பால் முட்டுக்கொடுத்து நின்றேன். இரண்டு பெண்களும் ஆபீசரும் என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினார்கள். தங்கை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். நெற்றியைச் சுவரில் சாய்த்து, வலது கையை இடது கையால் தாங்கி, கட்டைவிரலை அழுத்தியபடி. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. புதுச் சேலை முதுகெல்லாம் நனைந்திருந்தது. சாம்பிராணி வாசம் இன்னும் போகவில்லை.

"சரியாயிடுச்சு. கைய எடு" என்றேன்.

அவள் எடுக்கவில்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"நீ வெளிய போ."

"சாவி திருப்பிட்டேன்டி. எண் எல்லாம் அணைஞ்சிருச்சு பாரு. ஒண்ணும் ஆகாது, எடு."

"உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

வாசலில் இருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன்.

"அதான்" என்றாள். "கை நிக்கலைண்ணே. சீக்கிரம் போ. அம்மாவுக்கு ஒருத்தராவது வேணும்."

அவள் கையோடு என் கையையும் சேர்த்துப் பிடித்திருக்கலாம். அவளை இழுத்துக்கொண்டு வெளியே பாய்ந்திருக்கலாம். ஸ்குரூடிரைவர் வரும் வரை பேசிக்கொண்டே நின்றிருக்கலாம். நான் எழுதிய புரோகிராம், நான் மாட்டிய பொத்தான், நான் சேர்த்துவிட்ட வேலை. அதில் நம்பிக்கை இருந்திருந்தால் அந்த அறைக்குள் நின்றிருப்பேன். நம்பிக்கை இல்லாவிட்டாலும், அண்ணனாக நின்றிருக்க வேண்டும்.

அவள் கையை எடுத்தாள். ஒன்றும் ஆகவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அந்தக் கட்டைவிரல் பல நாள் மடங்கவே இல்லை. மறுமாதமே வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். நான் கதவுக்கு இன்னொரு ரிலே போட்டேன், புரோகிராமைத் திருத்தினேன், முதலாளி என்னைப் பாராட்டக்கூடச் செய்தார். வீட்டில் அன்றைய கதையை அவளே சொன்னாள். அண்ணன் எப்படிப் பறந்து வந்தான், பூசணிக்காயில் விழுந்து எப்படி எழுந்தான், கதவை எப்படித் திறந்தான் என்று சொன்னாள். அம்மா என் தலையைத் தடவிக் கண் கலங்கினாள்.

தங்கை போ என்று சொன்னதும் நான் வெளியே போனேன். அதை மட்டும் அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.